மதுரைச் சமவெளியில் காய்ச்சல்: முறைக்காய்ச்சல் முதல் டெங்கு வரை

மதுரை நகரைச் சுற்றியுள்ள மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, பேரையூர்ப் பகுதிகளில் காய்ச்சல் என்பது நெடுங்காலம் ஒரு நோயின் அறிகுறியாக அன்றி ஒரு நோயாகவே கருதப்பட்டு வந்தது. குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல், விஷக்காய்ச்சல் என்று மக்கள் அதற்குப் பல பெயர்கள் வைத்திருந்தனர். செய்தித்தாள்கள் பின்னாளில் 'மர்மக் காய்ச்சல்' என்ற பெயரையும் சேர்த்தன. இவற்றுள் எது மலேரியா, எது டைபாய்டு, எது டெங்கு என்று பிரித்துச் சொல்லும் வசதி கிராமங்களுக்குக் கிடைத்தது மிக அண்மைக் காலத்தில்தான். இச்சமவெளியில் டெங்கு எப்போது வந்தது என்ற கேள்வியும், அது எப்போது கண்டுகொள்ளப்பட்டது என்ற கேள்வியும் ஒன்றல்ல. இரண்டாவது கேள்விக்கு விடை உண்டு. முதலாவதற்கு ஓரளவுதான் விடை சொல்ல முடியும்.

பதிவேட்டில் ஒரே கட்டம்

ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணக் கிராமங்களில் இறப்புகளைப் பதிவு செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், கிராம அலுவலர்கள். காலரா, பெரியம்மை போன்றவற்றைக் கண்ணால் பார்த்தே அடையாளம் காணலாம் என்பதால் அவற்றுக்குத் தனிக் கட்டங்கள் இருந்தன. உடம்பு சுட்டுக் கிடந்து இறந்தவர் அனைவரும் 'காய்ச்சல்' என்ற ஒரே கட்டத்தில் அடங்கினர். ஆண்டுதோறும் அந்தக் கட்டமே பெருத்திருந்தது. தாது வருடப் பஞ்சக் காலமான 1876–78இல் பசியால் நலிந்து காய்ச்சலில் இறந்தோரும் அதிலேயே சேர்ந்தனர். வரலாறு எழுத முயல்வோருக்கு இப்பதிவேடு பெரும் செல்வம். பெரும் தொல்லையும் கூட. எத்தனை பேர் இறந்தனர் என்று அது சொல்லும். எதனால் இறந்தனர் என்று சொல்லாது.

இப்பகுதியின் காய்ச்சலைப் பற்றி மருத்துவர்கள் விரிவாக எழுதிய பழைய ஆவணங்களுள் முக்கியமானது 1809, 1810, 1811 ஆகிய ஆண்டுகளில் கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளில் பரவிய கொள்ளைக் காய்ச்சல் பற்றிய அறிக்கை. ஐன்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி ஆகிய மூன்று மருத்துவர்கள் அதன் காரணங்களை ஆராய்ந்தனர். அவர்களது அறிக்கை 1816இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. சதுப்பு நிலமும் ஈரமும் அழுகும் இலைதழைகளும் சேர்ந்து காற்றைக் கெடுக்கின்றன, அந்தக் கெட்ட காற்றே காய்ச்சலை உண்டாக்குகிறது என்பது அக்கால ஐரோப்பிய மருத்துவத்தின் நம்பிக்கை. மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்பதுதான் பொருள்.

அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் மலேரியாவாக இருந்திருக்கலாம். விட்டு விட்டு வருவதும் குளிர் நடுக்கமும் அதன் இயல்புகள். ஆனால் மூன்று ஆண்டுகள் நான்கு மாவட்டங்களில் பரவிய ஒரு காய்ச்சல் முழுவதும் ஒரே நோய்தான் என்று இன்று உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது. கொசு நோயைப் பரப்புகிறது என்பதே அப்போது எவருக்கும் தெரியாது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897இல்தான் செகந்தராபாத்தில் கண்டறிந்தார்.

கெட்ட காற்றுக் கொள்கை தவறு. எனினும் அது ஒரு பழக்கத்தை விட்டுச் சென்றது. காய்ச்சலின் காரணத்தை வயல்வெளியிலும் கண்மாயிலும் காட்டிலும் தேடும் பழக்கம் அது. மலேரியாவைப் பொறுத்தவரை இதனால் பெரிய பிழை நேரவில்லை. ஏனெனில் அனோபிலஸ் கொசு கிணற்றிலும் வாய்க்காலிலும் தேங்கிய நன்னீரிலும் வளர்வது. டெங்கு விஷயத்தில் இதே பழக்கம் பார்வையை வேறு பக்கம் திருப்பிவிட்டது. அந்தக் கொசு வீட்டுக்குள் இருந்தது.

பெயரில் நேர்ந்த குழப்பம்

டெங்குவைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று சென்னையைச் சார்ந்தது. 1780இல் சென்னையில் டெங்கு போன்ற காய்ச்சல் பரவியதாக நூல்கள் கூறுகின்றன. அதே ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பரவிய காய்ச்சலை பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவர் விவரித்து, அதற்கு 'எலும்பு முறிக்கும் காய்ச்சல்' என்ற பெயர் வழங்கியதையும் குறித்தார். டெங்கு என்ற சொல்லின் மூலம் கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் இருக்கிறது என்பது பலரும் ஏற்கும் கருத்து. அது மேற்கிந்தியத் தீவுகளின் ஸ்பானிய வழக்கு வழியாக மருத்துவ நூல்களுக்குள் வந்தது.

1871 முதல் 1873 வரை கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சான்சிபாரில் தொடங்கிய ஒரு காய்ச்சல், ஏடன் வழியாகக் கப்பல்களில் இந்தியத் துறைமுகங்களுக்கு வந்து பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களைப் படுக்கையில் தள்ளியது. அன்றைய மருத்துவர்கள் அதை டெங்கு என்றே எழுதினர். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1971இல், டொனால்டு கேரி என்ற வைரஸ் ஆய்வாளர் இதை மறுத்தார். பழைய விவரங்களில் மூட்டு வலி மிகுதியாகவும், காய்ச்சல் விட்ட பின்னும் நெடுநாள் நீடிப்பதாகவும் சொல்லப்பட்டிருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். அது டெங்குவின் இயல்பன்று, சிக்குன்குனியாவின் இயல்பு; ஆகவே அன்று டெங்கு என்று பெயரிடப்பட்டவற்றுள் சில உண்மையில் சிக்குன்குனியாவே என்பது அவரது வாதம். 2006இல் சிக்குன்குனியா தமிழ்நாட்டில் பரவியபோது மூட்டுகள் வீங்கி, மாதக்கணக்கில் மாடிப்படி ஏற முடியாமல் தவித்தவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வாதம் எளிதில் விளங்கும்.

கேரி இம்முடிவுக்கு வந்தது வெறும் நூலகப் படிப்பால் அன்று. அவர் வேலூரில் பணியாற்றியவர்.

வேலூர் தந்த விடை

தமிழ்நாட்டில் டெங்குவின் உறுதியான வரலாறு வேலூரிலிருந்து தொடங்குகிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வுக்கூடம் 1950களிலிருந்தே கொசுவால் பரவும் வைரஸ்களை ஆராய்ந்து வந்தது. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நோயாளிகள் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955இல் வேலூரில்தான். 1956இல் அங்கு டெங்கு வைரஸும் பிரித்தெடுக்கப்பட்டது. 1960களில் கேரி, மையர்ஸ், ரேச்சல் ரூபன், ரோட்ரிகஸ் ஆகியோர் வேலூர் நகரின் டெங்குவை நோயாளிகளின் இரத்தத்திலும் கொசுக்களிலும் ஒருசேரத் தேடினர். 1968இல் வேலூரில் பரவிய காய்ச்சலின்போது டெங்குவின் நான்கு வகைகளும் அந்த ஒரே ஊரில் கிடைத்தன.

இன்னொரு செய்தி இதைவிட வியப்பானது. வேலூர் நோயாளி ஒருவரின் இரத்தத்திலிருந்து சிக்குன்குனியா வைரஸும் இரண்டாம் வகை டெங்கு வைரஸும் ஒரே நேரத்தில் பிரித்தெடுக்கப்பட்டன. மையர்ஸும் கேரியும் இதை 1967இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். ஒரே உடலில், ஒரே காய்ச்சலில், இரண்டு நோய்கள். நோயாளியைத் தொட்டுப் பார்த்தும் நாக்கை நீட்டச் சொல்லியும் எந்த மருத்துவரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

நான்கு வகைகள் என்பது வெறும் எண்ணிக்கைக் கணக்கன்று. ஒரு வகை டெங்கு வந்து குணமானவருக்கு அந்த வகைக்கு எதிராக நீடித்த எதிர்ப்பாற்றல் உண்டாகிறது. மற்ற மூன்று வகைகளுக்கு எதிராக நிலையான பாதுகாப்பு கிடைப்பதில்லை. பிறகு வேறொரு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. 1953–54இல் மணிலாவிலும் 1958இல் பாங்காக்கிலும் குழந்தைகளைப் பறித்த இரத்தக்கசிவுக் காய்ச்சல் இவ்வாறு பல வகைகள் கலந்து உலவிய நகரங்களில் தோன்றியது. இந்தியாவில் 1963–64இல் கல்கத்தாவில் இத்தகைய கடுமையான நோய் காணப்பட்டது. 1996இல் டெல்லியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு 400க்கும் அதிகமானோர் இறந்தபோதுதான் நாடு முழுவதும் டெங்கு என்ற சொல் வீட்டுச் சொல்லாயிற்று. இவை அனைத்தும் நகரங்கள். டெங்கு நகரத்து நோய் என்று பாடநூல்கள் எழுதியதில் ஆச்சரியமில்லை.

மதுரையில் ஆய்வு மையம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 1985இல் மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தைத் தொடங்கியது. சின்ன சொக்கிகுளம் சரோஜினி தெருவில் இயங்கிய இம்மையம் தற்போது புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் மதுரைக் கள நிலையமாக உள்ளது. வேலூரில் டெங்குக் கொசுக்களை ஆராய்ந்த ரேச்சல் ரூபன் பின்னர் மதுரை மையத்தைத் தலைமையேற்று நடத்தினார். கொசு இனங்களைப் பிரித்தறிவதில் உலக அளவில் மதிக்கப்பட்டவர் அவர். வேலூரின் அனுபவம் இவ்வாறு மதுரைக்கு வந்து சேர்ந்தது.

மையத்தின் தொடக்க காலக் கவனம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மீது இருந்தது. அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுக்கள் நெல் வயல்களில் வளர்பவை. முல்லைப் பெரியாறு அணை நீர் 1895 முதல் பாயும் மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து நஞ்சைகளை நினைத்தால் இக்கவனம் பொருத்தமானதே. ஆயினும் அதே மையத்து ஆய்வாளர்கள் ஊரகங்களில் ஏடிஸ் கொசுவையும் தேடினர். வேலூர் மாவட்டக் கிராமங்களில் பிடித்த கொசுக்களில் டெங்கு வைரஸ் தொற்று இருந்ததை அவர்கள் 2004இல் வெளியிட்டனர். அதற்கு முன்பே தருமபுரி மாவட்டக் கிராமங்களில் டெங்கு பரவியது 1990களிலும் 2001இலும் ஆராயப்பட்டிருந்தது. நகரத்து நோய் என்ற எண்ணத்தில் விரிசல் விழுந்தது இவ்வாறுதான்.

மதுரை மாவட்டத்துக்கே உரிய சான்று 2010இல் வெளிவந்தது. மாவட்டத்தின் ஊரகப் பகுதி ஒன்றில் ஏற்பட்ட காய்ச்சலுக்கு மூன்றாம் வகை டெங்கு வைரஸின் மூன்றாம் துணைவகையே காரணம் என்று பரமசிவன் முதலிய மதுரை மைய ஆய்வாளர்கள் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' இதழில் எழுதினர். வைரஸின் மரபணு வரிசையைப் படிக்காமல் துணைவகையைச் சொல்ல முடியாது. 1809இல் 'கொள்ளைக் காய்ச்சல்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்ட அதே மண்ணில், இருநூறு ஆண்டுகள் கழித்துக் காய்ச்சலின் ஊர் பேர் வம்சாவளி வரை எழுத முடிந்தது.

அந்த வம்சாவளியும் கவனிக்கத்தக்கது. 1989இல் இலங்கையில் கடுமையான டெங்கு தலைதூக்கியதோடு தொடர்புபடுத்தப்படுவது இந்த மூன்றாம் துணைவகையே. 2003இல் டெல்லியில் பெருமளவு பரவியதும் இதுவே. ஆக மதுரைக் கிராமத்து மக்களுக்கு வந்தது ஏதோ உள்ளூர்க் காய்ச்சல் அன்று. தெற்காசியா முழுவதும் பயணம் செய்துகொண்டிருந்த ஒரு வைரஸ்.

குடத்தில் வளர்ந்த கொசு

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. கப்பல்களின் குடிநீர்ப் பீப்பாய்களில் உலகம் சுற்றியது. துறைமுகங்களில் இறங்கி, ரயில் பாதையையும் சாலையையும் பின்பற்றி உள்நாட்டு ஊர்களுக்குப் பரவியது. கால்களில் வெள்ளை வளையங்களைக் கொண்ட இக்கொசு பகலில் கடிக்கும். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பது அரிது. கொசு பறந்து ஊர்விட்டு ஊர் போவதைவிட, காய்ச்சலுள்ள மனிதர் பேருந்தில் ஏறி வைரஸைக் கொண்டுபோவதே அதிகம். மதுரைக்கு வேலைக்கும் படிப்புக்கும் நாள்தோறும் வந்து திரும்பும் கிராமத்தாரை எண்ணிப் பார்த்தால் நகரம், கிராமம் என்ற பிரிவினை இந்த நோய்க்கு ஏன் பொருந்தவில்லை என்பது தெரியும்.

இக்கொசுவுக்கு வயல் வேண்டாம், சாக்கடையும் வேண்டாம். தெளிந்த நீர் வேண்டும். நான்கு பக்கமும் சுவர் கொண்ட கலம் வேண்டும். அதை மதுரைச் சமவெளி எவ்வாறு கொடுத்தது என்பதுதான் இவ்வரலாற்றின் மையம்.

இது மழை மறைவுப் பகுதி. வைகை ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. பழைய கிராமத்தில் குடிநீர் ஊருணியிலிருந்தும் பொதுக் கிணற்றிலிருந்தும் வந்தது. காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம் என்று எடுத்துவந்து அன்றன்றே செலவழித்தனர். வீட்டில் நீர் தேங்கி நிற்க வழியில்லை. பின்னர் ஆழ்துளைக் கிணறும், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியும், தெருக்குழாயும் வந்தன. கிணறுகள் வற்றின. குழாயில் நீர் தினமும் வரவில்லை. சில ஊர்களில் வாரத்துக்கு ஒரு முறை வந்தது. வரும் நாளில் பிடித்து வைத்தால்தான் அடுத்த முறை வரை தாங்கும். ஆகவே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சிமெண்டுத் தொட்டியும் பிளாஸ்டிக் டிரம்மும் வரிசையாக வைத்த குடங்களும் இடம்பிடித்தன. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏடிஸுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். குழாய் நீரின் முறை நாளும் கொசுவின் வளர்ச்சி நாளும் ஏறக்குறைய ஒத்துப்போயின.

கொசு ஒழிப்பு அறிவுரைகள் வழக்கமாக மக்களின் கவனக்குறைவைக் குறை கூறும். கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பயன்படாத ஆட்டுக்கல் போன்றவற்றுக்கு அந்தக் குறை பொருந்தும். மழைக்குப் பின் அவற்றில் நீர் தேங்குவது உண்மை. டிரம்முக்கு அது பொருந்தாது. குழாயில் நாள்தோறும் நீர் வரும் வீட்டில் எவரும் பத்து நாள் நீரைச் சேமிப்பதில்லை. சேமித்த தொட்டியை வாரம் ஒரு முறை கவிழ்த்துக் காயவைக்கச் சொல்வது, நீருக்காக இரவு கண்விழித்த பெண்ணிடம் அந்நீரைக் கொட்டச் சொல்வதாகும்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஏடிஸ் கொசு முட்டைகளை நீரின் மேல் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கலத்தின் உட்சுவரில் ஒட்டிவிடுகிறது. நீர் வற்றிக் காய்ந்தாலும் அம்முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மீண்டும் நீர் ஏறும்போது பொரிக்கும். வெறுமனே கவிழ்த்து வைப்பதால் பயன் குறைவு. உட்புறத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வறட்சி கொசுவை ஒழித்துவிடும் என்ற நம்பிக்கை பொய்ப்பதும் இதனால்தான்.

2012, 2017

2012இல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு உறுதிசெய்யப்பட்டு 66 பேர் இறந்தனர். அவ்வாண்டு நாட்டிலேயே மிக அதிக எண்ணிக்கை இதுவே. திருநெல்வேலி மாவட்டத்தின் கடையநல்லூர் முதலிய ஊர்கள் முதலில் அடிபட்டன. பின்னர் மதுரை உட்படத் தென்மாவட்டங்களில் நோய் பரவியது. எர்ஸ்கின் மருத்துவமனை என்று முன்பு அழைக்கப்பட்ட மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து காய்ச்சல் நோயாளிகள் கொண்டுவரப்பட்டனர். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகிய ஒன்பது சரக்குகள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீரை அரசே மருத்துவமனைகளில் வழங்கியது. சித்த மருத்துவத்துக்குப் பொதுமக்களிடையே புதிய மதிப்பு ஏற்பட அந்தக் கசப்பு நீர் ஒரு காரணமாயிற்று. அது டெங்கு வைரஸை ஒழிக்கும் என்பது பெரிய அளவிலான ஆய்வுகளால் நிறுவப்படவில்லை.

2017இல் எண்ணிக்கை 23,294 ஆக உயர்ந்தது. 65 பேர் இறந்தனர். அதற்கு முந்தைய 2016இல் வடகிழக்குப் பருவமழை வரலாறு காணாத அளவு பொய்த்திருந்தது. வறட்சியில் ஊர் முழுவதும் பாத்திரங்களில் நீரைச் சேமித்தது. 2017இல் மழையும் வந்தது. இரண்டும் சேர்ந்ததே அவ்வாண்டின் பரவலுக்கு ஏற்ற சூழல் என்று கருத இடமுண்டு.

இரு ஆண்டுகளையும் ஒப்பிடுகையில் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். இடைப்பட்ட காலத்தில் சோதனை வசதி பெருகிவிட்டது. முன்பு இரத்த மாதிரி சென்னை கிண்டி கிங் நிலையத்துக்கோ புனேக்கோ செல்ல வேண்டியிருந்தது. இப்போது மாவட்டத்திலேயே முடிவு கிடைக்கிறது. எண்ணிக்கை கூடியதில் ஒரு பங்கு நோய் கூடியதால். ஒரு பங்கு கண்டுபிடிப்பது கூடியதால். பழைய பதிவேட்டின் 'காய்ச்சல்' கட்டத்திலிருந்து டெங்கு தனியே பிரிந்து வந்தது என்றும் இதைச் சொல்லலாம்.

காய்ச்சல் எல்லாம் டெங்கு அன்று

பெயர் பரவிய பின் எதிர்த்திசையில் ஒரு குழப்பம் தோன்றியது. எந்தக் காய்ச்சலையும் டெங்கு என்று அஞ்சும் நிலை வந்தது. மதுரைச் சமவெளியில் காய்ச்சலுக்கு இன்றும் பல காரணங்கள் உண்டு. டைபாய்டு குடிநீரால் வருகிறது. எலிக்காய்ச்சல் சேற்றில் வேலை செய்வோருக்கு வருகிறது. புதர்களிலுள்ள மிகச் சிறிய பூச்சி கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதிகம் அறியப்படுகிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருந்தழும்பு அதன் அடையாளம். இதற்கு டாக்சிசைக்ளின் என்ற எளிய மருந்து உண்டு. டெங்கு என்று எண்ணிக் காத்திருந்தால் அந்த மருந்து கிடைக்காமல் போகும் ஆபத்தும் உண்டு.

டெங்குவுக்கு வைரஸைக் கொல்லும் தனி மருந்து இல்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தரலாம். ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்றவை இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும் என்பதால் தவிர்க்கப்படுகின்றன. காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாட்களில் என்.எஸ்.1 சோதனையும் அதன் பின்னர் எதிர்ப்பொருள் சோதனையும் உதவுகின்றன. கிராமங்களில் பலரை ஏமாற்றியது நோயின் போக்கே. மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் உடம்புச் சூடு தணிகிறது. நோயாளி தேறிவிட்டார் என்று வீட்டார் நினைக்கின்றனர். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் விழும் ஆபத்துக் கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிடுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். காய்ச்சல் விட்டால் நோய் விட்டது என்பது முறைக்காய்ச்சல் காலத்திலிருந்து வந்த கணக்கு. டெங்குவில் அது செல்லாது.

இன்று ஊராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் தினக்கூலிக்கு அமர்த்தப்பட்ட கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாகச் செல்கின்றனர். இவர்களில் பலர் பெண்கள். கையில் டார்ச் விளக்குடன் டிரம்மைத் திறந்து பார்ப்பர்; நெளியும் புழு தெரிந்தால் அபேட் மருந்தை அளந்து ஊற்றுவர்; வீட்டுச் சுவரில் தேதியை எழுதிச் செல்வர். அடுத்த வாரம் வரும்போது அந்தத் தேதிக்குக் கீழே இன்னொரு தேதி ஏறும்.